சில்லறையில் இரட்டை அச்சு: 5 ரூபாயில் எழுத்து இரண்டாகத் தெரிகிறது, அசலா?

தக்காளி மண்டி (பாலக்கோடு):
எல்லோருக்கும் வணக்கம். மண்டியில் கணக்கு முடித்து மீதி வாங்கும்போது வந்த ஒரு 5 ரூபாய் கண்ணை உறுத்தியது. மஞ்சள் நாணயம், 2012, வருடத்துக்குக் கீழே டைமண்ட். சிங்கம் இருக்கும் பக்கத்தில் வலதுபுறம் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருக்கிறதல்லவா, அந்த ஐந்து எழுத்துக்கும் வலப்பக்கத்தை ஒட்டி இன்னொரு கோடு ஓடுகிறது. இடதுபுறம் உள்ள தேவநாகரி எழுத்திலும் அதே கோடு, அதே திசை. பின்பக்கம் சுத்தம். யூடியூபில் ஒருவர் இப்படி ஒன்று இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்கிறார். மூன்று போட்டோ போட்டிருக்கிறேன். இது இரட்டை அச்சுதானா?

மாங்கனி (காவேரிப்பட்டணம்):
அடிச்சுது யோகம்! தக்காளி விலை இறங்கினாலும் இனி உங்களுக்குக் கவலை இல்லை அண்ணா.

காசு வேட்டை (பர்கூர்):
இரட்டை அச்சுதான் அண்ணா. யாருக்கும் குறைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓசூர் டூல்ரூம்:
இருங்க, அவசரப்படாதீங்க. நான் நாணயம் சேகரிப்பவன் இல்லை, டை, அதாவது உலோகத்தில் உருவம் பதிக்கும் அச்சு, செய்து பிழைப்பவன். ஆனால் நாணயம் அடிப்பதும் எங்கள் வேலையும் ஒரே வகைதான், அதனால் சொல்கிறேன்.

நாணயத்தை அடிக்கும் டையில் உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அந்த டையை ஒவ்வொன்றாகச் செதுக்குவதில்லை. உருவம் மேடாக உள்ள ஒரு எஃகுத் துண்டு இருக்கும், அதை ஹப் என்பார்கள். டையாக மாற வேண்டிய மெத்தென்ற எஃகின் மேல் ஹப்பை வைத்து பிரஸ்ஸில் அமுக்கினால் உருவம் இறங்கும். பழைய முறையில் ஒரே அமுக்கில் முழு ஆழம் கிடைக்காது. அமுக்கும்போதே எஃகு இறுகிவிடும். எடுத்து உலையில் சூடாக்கி ஆறவைத்து, அதாவது அனீல் செய்து, மறுபடி அதே ஹப்பின் கீழ் வைத்து அமுக்குவார்கள். இரண்டாவது முறை வைக்கும்போது ஒரு இம்மி திரும்பி உட்கார்ந்தாலும் முதல் உருவத்தின் மேல் இரண்டாவது உருவம் விலகி விழும். அதைக் கவனிக்காமல் ஹார்டனிங் செய்து, அதாவது எஃகைக் கடினமாக்கி, பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டால், அந்த டை அடிக்கும் கடைசி நாணயம் வரைக்கும் எல்லாவற்றிலும் எழுத்து இரண்டாகத்தான் இருக்கும். இதுதான் உண்மையான இரட்டை அச்சு. கோளாறு டையில் இருக்கிறது, நாணயத்தில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்னொரு வகை உண்டு. டை சரியாகத்தான் இருக்கும், ஹோல்டரில் கொஞ்சம் லூஸாக நிற்கும். அடி விழுந்து டை விலகும் அந்தக் கணத்தில் பக்கவாட்டில் உதறும். ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டு எடுக்கும்போது கை நழுவினால் என்ன ஆகும், அதுதான். அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஒரு பக்கத்தை டையின் விளிம்பு நசுக்கித் தள்ளிவிடும். இரண்டு நாணயம் தள்ளி அடித்ததில் உதறல் வேறு மாதிரி இருக்கும், அடுத்ததில் இல்லாமலே போகும். ஃபிட்டர் வந்து போல்ட்டை முறுக்கினால் அதோடு முடிந்தது.

உங்கள் இரண்டாவது போட்டோவைப் பார்த்தால் எனக்கு லூஸ் டை என்றுதான் தோன்றுகிறது. சேகரிக்கிறவர்கள் யாராவது உறுதி செய்யட்டும்.

தக்காளி மண்டி:
விளக்கத்துக்கு நன்றி சார். ஆனால் நாணயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கோளாறு டையிலா பிரஸ்ஸிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் என்ன நாணயச்சாலைக்குள் போய்ப் பார்க்கவா முடியும்?

லென்ஸ் கண் (கிருஷ்ணகிரி):
போக வேண்டாம் தம்பி. எழுத்தே சொல்லிவிடும்.

முதலில் எழுத்தின் அகலத்தைப் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவம் கூடுதலாக வந்து சேர்கிறது, அதனால் எழுத்து வழக்கத்தைவிடத் தடிக்கும். லூஸ் டையில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. இருக்கிற எழுத்தில் ஒரு ஓரம் நசுங்கித் தாழ்கிறது. ஆக, மேடாக நிற்கும் பகுதி மெலிந்திருக்கும், நசுங்கிய ஓரம் தட்டையாக, நாணயத்தின் தரையை ஒட்டி ஒரு படியாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் படி மட்டும் பளபளக்கும். உங்கள் போட்டோவில் வலதுபக்கக் கோடு பளபளவென்று தட்டையாக இருக்கிறது, எழுத்தின் தண்டு ஒல்லியாகிவிட்டது. வேறெங்கும் போக வேண்டியதில்லை, இது லூஸ் டை.

இரண்டாவது, எழுத்து முடியும் மூலைகள். அசல் இரட்டை அச்சில் இரண்டு உருவமும் மேடாக, உருண்ட விளிம்போடு இருக்கும். இரண்டும் பிரியும் மூலையில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்து முனை இரண்டாகப் பிளந்திருக்கும். எங்களில் பலர் முதலில் தேடுவது அந்தப் பிளவைத்தான். உங்கள் நாணயத்தில் மூலைகள் வெட்டில்லாமல் வழுக்கிப் போகின்றன.

மூன்றாவதாக ஒரு திருடன் இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் அடித்துத் தேய்ந்த டை. எழுத்தின் விளிம்பு கரைந்து, வெளிப்புறம் நோக்கி நிழல் படிந்ததுபோல் பரவும். சுற்றியுள்ள தரையும் சொரசொரப்பாகிவிடும். நம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாணயங்களில் இது நிறைய. கடினமான உலோகம், டை பாவம் என்ன செய்யும். இதையும் இரட்டை அச்சு என்று விற்கிறார்கள்.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1955ஆம் வருட ஒரு சென்ட் பெயர் பெற்ற இரட்டை அச்சு. லிங்கன் தலை உள்ள பக்கத்தில் வருடமும் வாசகங்களும் லென்ஸே இல்லாமல் இரண்டாகத் தெரியும். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டது, பிரித்தெடுக்க மெனக்கெடாமல் 20,000க்கும் மேல் வெளியே விட்டுவிட்டார்கள். சிகரெட் விற்கும் இயந்திரங்களில், பாக்கெட்டோடு சேர்த்து வைத்த மீதிச் சில்லறையாகவே அதில் நிறைய மக்கள் கைக்கு வந்தது. அதே 1955ல் டை தேய்ந்து கடைசி 5 மட்டும் நிழலடித்த சென்ட்டும் உண்டு. அதற்கு ஏழையின் இரட்டை அச்சு என்று பட்டப்பெயர் வைத்தே விற்றார்கள். அசலுக்கு ஆயிரம் டாலருக்கு மேல், இதற்கு டீக்காசு.

பென்னாகரம் நடத்துனர்:
நல்ல இழை. ஐயா, ஒரு சந்தேகம். நாள் முழுக்கப் பையில் சில்லறையோடுதான் வண்டியில் நிற்கிறேன். தர்மபுரி பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் புரட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நம் நாணயங்களில் ஏதாவது வருமா?

அப்புறம் இன்னொன்று. எங்கள் தடத்தில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் பாதிப் பேர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்துக் கோடு இருந்தால் அசல் என்று ஒரு பேச்சு. அதுவும் ஏதாவது அச்சுப் பிழையா?

லென்ஸ் கண்:
பிழையே இல்லை. ரூபாய்க் குறியீடு வருவதற்கு முன் வந்த வடிவம் ஒன்று, 2011க்குப் பிறகு குறியீட்டோடு வந்தது இன்னொன்று, நடுவில் விசேஷ வெளியீடுகள் பல. அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. வாங்க மாட்டேன் என்பவரிடம் பேருந்தில் வாதாட முடியாதுதான், தெரியும். அதை வேறு இழையில் பேசுவோம், இங்கே தொடங்கினால் விடிந்துவிடும்.

ஓசூர் டூல்ரூம்:
நடத்துனர் கேட்டதற்கு டூல்ரூம் பக்கத்திலிருந்து ஒரு பதில். இப்போது பிரஸ்ஸுகள் பெரிதாகிவிட்டன, ஒரே அமுக்கில் டை தயாராகிவிடுகிறது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலேயே அதற்கு மாறிவிட்டார்கள். இரண்டாவது அமுக்கு இல்லை என்றால் பெரிய விலகலுக்கு வழியில்லை. ஆனாலும் முழுக்க ஒழியவில்லை. டையின் முகத்தைக் கூம்பாகக் கடைந்திருப்பார்கள், ஹப் அதில் சாய்ந்து உட்கார்ந்து, தொடங்கிய பிறகு நேராகச் சறுக்கினால், நடுப்பகுதியில் மட்டும் கொஞ்சம் இரட்டிப்பு விழும். 2009ல் வந்த அமெரிக்க சென்ட் ஒன்றில் லிங்கன் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அதில் சில டைகளில் அவர் கையில் விரல் கூடிவிட்டது. விளிம்பில் உள்ள எழுத்தெல்லாம் சுத்தமாக இருக்கும். ஆக, புது நாணயத்தில் விளிம்பு எழுத்து மட்டும் பெரிதாக இரண்டாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

காசு வேட்டை:
இவ்வளவு இலக்கணம் எதற்கு? தக்காளி அண்ணன் போட்டதைவிட மங்கலானதை நான் இணையத்தில் 300 ரூபாய்க்கு விற்றேன். போட்டோ போட்டேன், வாங்கியவர் பார்த்துத்தான் வாங்கினார். எழுத்து இரண்டாகத் தெரிகிறதா, தெரிகிறது. அப்புறம் என்ன?

லென்ஸ் கண்:
போட்டோவுக்கு மேலே என்ன தலைப்பு எழுதினீர்கள் தம்பி?

காசு வேட்டை:
டபுள் டை என்றுதான். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

லென்ஸ் கண்:
அந்தத் தலைப்புக்குத்தான் 300 வந்தது. லூஸ் டையில் அடித்தது என்று எழுதியிருந்தால் 5 ரூபாய்க்கு 5 ரூபாய்தான். வாங்கியவர் நாளை எங்களைப் போல ஒருவரிடம் காட்டுவார், விஷயம் தெரிந்ததும் இந்தப் பக்கமே வரமாட்டார். அவரைப் பொழுதுபோக்கிலிருந்தே துரத்தியது யார்?

மாங்கனி:
தம்பி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது ஐயா. மாம்பழத்தில் தழும்பு இருந்தாலும் பார்த்து வாங்கியவன் வாங்கியவன்தான்.

லென்ஸ் கண்:
தழும்புள்ள பழத்தை எடுத்துக்கொண்டு போகட்டும், தவறில்லை. பெங்களூராவை அல்போன்சா என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால் உங்கள் மண்டியில் விடுவார்களா?

காசு வேட்டை:
சரி ஐயா, இனிமேல் தலைப்பை மாற்றுகிறேன். விலையைக் குறைக்க மாட்டேன், கேட்கிறவர் கொடுக்கட்டும்.

ராயக்கோட்டை உழவன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நிலத்தில் உழும்போது செம்புக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் உருதுவோ அரபியோ எழுத்து. யானைக்கு இரண்டு தும்பிக்கை, வால் பக்கமும் இரட்டை வரி. இதுவும் இரட்டை அச்சுதானே?

லென்ஸ் கண்:
திப்பு காலத்து யானைக் காசாக இருக்கும். எழுத்து பாரசீகம். 1792 வரை பாரமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், அவர் கையில்தானே இருந்தது, இங்கே அது கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது கையால் அடித்த காசு. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் செம்புத் துண்டு, சம்மட்டி அடி. முதல் அடி பலமாக விழவில்லை என்றால் இன்னொன்று போடுவார்கள். அதற்குள் துண்டு நகர்ந்திருந்தால் யானை இரண்டாகும். அச்சில் கோளாறு இல்லை, அந்த ஒரு காசோடு சரி. இதற்கு இரட்டை அடி என்று பெயர், இரட்டை அச்சு வேறு. கையால் அடித்த காசுகளில் இது சகஜம் என்பதால் விலை ஏறிவிடாது. உருவம் குழம்பிவிட்டால் இறங்கக்கூடச் செய்யும்.

தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். மண்ணுக்குள் கிடைத்தது ஒரு காசோ குடமோ, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ராயக்கோட்டை உழவன்:
குடம் கிடைத்தால் இங்கே வந்து எழுதிக்கொண்டிருப்பேனா ஐயா! நன்றி.

அரூர் மளிகை:
நான் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் போனில் ஒருவர் வந்தார். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம், ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கம்பெனி, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் போடுங்கள் என்றார். என் கல்லாவில் அந்த 10 ரூபாய் ஒன்று இருக்கிறது. போடலாமா?

ஓசூர் டூல்ரூம்:
ஒரு பைசா போடாதீங்க அக்கா.

லென்ஸ் கண்:
பழைய நாணயம் வாங்கித் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பது மோசடி, அப்படி யாருக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வைஷ்ணோ தேவி நாணயம் 2012ல் வந்தது, ஏராளமாகப் புழக்கத்தில் விட்டது. உங்களிடம் இருப்பது 10 ரூபாய், 10 ரூபாய்தான். வாங்குகிறவர் பணம் கொடுப்பாரே தவிர கேட்க மாட்டார்.

அரூர் மளிகை:
நல்லவேளை, கேட்டேன். சரி, எனக்கும் நடத்துனர் தம்பி கேட்ட அதே கேள்விதான். கல்லாவில் கை விட்டால் சில்லறை. லென்ஸ் இல்லாமல் எதைப் பார்க்கலாம்?

லென்ஸ் கண்:
இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். நம் சில்லறையில் இரட்டை அச்சைத் தேடிக் கண் வலிப்பதைவிட, திரும்பிய டையைத் தேடுங்கள். என் அனுபவத்தில் நம் பக்கம் கைக்கு எட்டுவது அதுதான்.

நாணயத்தைச் சிங்கம் நேராக நிற்கும்படி பிடியுங்கள். மேல் விளிம்பில் ஒரு விரல், கீழ் விளிம்பில் ஒரு விரல். அப்படியே கதவைத் திறப்பது போல இடவலமாகத் திருப்புங்கள். நம் நாணயங்களில் பின்பக்கமும் நேராக வரவேண்டும். எண் சாய்ந்து வந்தால் டை திரும்பியிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் விட்டுவிடுங்கள், அதெல்லாம் சாதாரணம். மூன்று மணி முள் அளவுக்கோ, முழுக்கத் தலைகீழாகவோ வந்தால் எடுத்து வையுங்கள். 2007க்குப் பிறகு வந்த கட்டைவிரல் படம் போட்ட 1 ரூபாய், இரண்டு விரல் படம் போட்ட 2 ரூபாய், அதற்கு முந்தைய ஸ்டீல் 1 ரூபாய் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் விளிம்பு. ஓரத்தில் பிறை வடிவில் வெட்டு விழுந்த நாணயம், தகட்டிலிருந்து வட்டத்தை வெட்டும்போது முந்தைய ஓட்டை மேல் பட்டது. வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பும் மங்கியிருந்தால் நம்பலாம், கூர்மையாக இருந்தால் யாரோ பின்னால் அறுத்திருப்பார்கள். 10 ரூபாயில் நடுவட்டம் ஒருபக்கமாக நகர்ந்து உருவம் வெளிவளையத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் உருவம் மேடாகவும், மறுபக்கம் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருந்தால் உடனே இங்கே போட்டோ போடுங்கள். முந்தைய நாணயம் டையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததை அதுவே அடித்தது அது. அதற்குத்தான் சேகரிப்பவர்கள் பறப்பார்கள்.

தக்காளி மண்டி:
ஐயா, ஒரு சோதனை செய்தேன். கடைப் பெட்டியில் 2012 டைமண்ட் 5 ரூபாய் இன்னும் சில இருந்தன. டைமண்ட் என்றால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா என்று தேடிப் படித்துக்கொண்டேன், அதனால் அதே நாணயச்சாலை, அதே வருடம் மட்டும் எடுத்தேன். பெரும்பாலானதில் எழுத்து சுத்தம். ஒன்றில் மட்டும் கோடு இருக்கிறது, ஆனால் அது எழுத்தின் இடப்பக்கம், இன்னும் மெல்லியதாக. டையில் கோளாறு என்றால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமே?

ஓசூர் டூல்ரூம்:
நாணயச்சாலையில் ஒரே வருடத்தில் டைகள் நிறைய ஓடும், அதனால் சுத்தமாக இருப்பவை எதையும் நிரூபிக்காது. ஒரே கோடு, ஒரே இடம், ஒரே அகலத்தில் இரண்டு நாணயம் கிடைத்தால்தான் டையைச் சந்தேகிக்கலாம். உங்களிடம் கிடைத்த இரண்டும் எதிரெதிர்த் திசை. உதறல்தான்.

இன்னொன்று, போன் கேமராவில் எடுக்கும்போது ரொம்ப ஜூம் செய்யாதீங்க. போனே படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று எழுத்து ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிடுகிறது. வட்ட எல்இடி விளக்கும் வேண்டாம், நாலு பக்கமும் நிழல் விழும். ஜன்னல் ஓரம் ஒரு பக்க வெளிச்சத்தில் வைத்து, நாணயத்தை மெல்லத் திருப்பிப் பாருங்க. திருப்பும்போது இடம் மாறுகிற கோடு வெறும் நிழல்.

பென்னாகரம் நடத்துனர்:
வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் போதுமா?

லென்ஸ் கண்:
தாராளமாகப் போதும். பத்து மடங்கு பெருக்கம் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் கீறல் எல்லாம் பிழையாகத் தெரியும்.

அரூர் மளிகை:
மதியம் கூட்டம் இல்லாதபோது கல்லாவைக் கொட்டித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இரண்டு விரல் 2 ரூபாய், சிங்கத்தை நேராகப் பிடித்தால் பின்னால் விரல்கள் கீழே பார்க்கின்றன. தலைகீழ். பையன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று போட்டோ எடுக்கிறேன் என்கிறான்.

லென்ஸ் கண்:
பையனைப் பிடியுங்கள்! புளி, சபீனா, பல்பொடி எதுவும் வேண்டாம். பளபளப்பு ஏறினால் விலை இறங்கும். இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டு இங்கே வையுங்கள். வருடமும் நாணயச்சாலைக் குறியும் எழுதுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போட்டு வைத்துவிட்டு, அதுவரை கல்லாப் பக்கம் யாரையும் விடாதீர்கள், 2 ரூபாய் மீதி கேட்டு யாராவது வந்தால் போயே போய்விடும்.

தக்காளி மண்டி:
அக்காவுக்கு வாழ்த்துகள். என் 5 ரூபாய் சாயங்காலமே டீக்கடையில் போய்விட்டது. நாளை மண்டியில் விரல் நாணயம் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.